தாத்தாவின் தடிக்கு ஏலம்

2004-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு தாய், இறந்துபோன தன் தந்தையின் கைத்தடியை ஈபேயில் ஏலம் விட்டார். தாத்தாவின் ஆவி வீட்டில் உலவுகிறது என்று அவருடைய ஆறு வயது மகன் பயந்துபோயிருந்தான். தடியும் தாத்தாவும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று பையனுக்குக் கடிதம் எழுத வேண்டும். வாங்குபவரிடம் அந்தத் தாய் கேட்டுக்கொண்டது அது. 65,000 டாலருக்குப் போனது தடி.

எடுத்தது ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம். மாதாவின் முகம் தெரிவதாகச் சொல்லப்பட்ட பழைய சீஸ் சாண்ட்விச்சை அதே ஆண்டில் 28,000 டாலருக்கு வாங்கியதும் அதுதான். அது விளம்பரக் கணக்கு. போட்டிபோட்டு விலையை ஏற்றிவிட்ட மற்றவர்கள்தான் என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆவி உண்டு என்று உறுதியாக நம்புகிறவர் அதைக் காசு கொடுத்து வீட்டுக்குள் அழைப்பாரா? இல்லை என்று தெளிந்தவருக்கு அது வெறும் கட்டை. இரண்டுக்கும் நடுவே தவிக்கிறவர்தான் கேட்பார். தன் வீட்டில் இறந்தவர் எங்கேயோ இருக்கிறார் என்பதற்கு ஒரு சிறு அடையாளம் கிடைக்காதா என்ற ஏக்கம் அது. அதை மூடத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

என் தாத்தாவின் காரியத்தில் குடை, செருப்பு, கைத்தடி மூன்றையும் தானமாகக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவருக்குத் தட்சிணையும் வைத்தோம். தாத்தாவின் வழிப்பயணத்துக்கு அவை உதவும் என்று பாட்டி நம்பினார். அதற்கு நிரூபணம் கேட்கவில்லை. ஏலம் கேட்டவர்களுக்குப் பணம் இருந்தது, அப்படி ஒரு சடங்கு இல்லாமல் போயிருக்கலாம்.