பழைய உபயமும் நம் கடமையும்

திருவிழாவைச் சேவிக்க வந்துள்ள பாகவதர்களுக்கு அடியேனின் விண்ணப்பம்.

ஆலயம் பழுதுற்றால் ஜீர்ணோத்தாரணம் செய்யவேண்டும் என்பது ஆகம விதி. எம்பெருமான் நித்திய வாசம் செய்யும் திருக்கோயில் காட்சிச்சாலையன்று. ஆகவே, பழங்கல்லைப் பெயர்த்துப் புதுக்கல் வைப்பதில் என்ன குறை என்று சிலர் வினவுகின்றனர். சிந்திக்கத் தக்க வினாவே இது.

மேனாட்டிலும் இவ்வினா எழுந்தது. புதுப்பித்தல் என்ற பெயரால் பழைய தேவாலயங்களின் வேலைப்பாடுகள் சுரண்டப்படுவதைக் கண்டு வருந்திய வில்லியம் மோரிஸ் முதலியோர், 1877-இல் இங்கிலாந்தில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் நிறுவினர். பாரதத்தில் 1904-இலும், சுதந்திரத்திற்குப் பின் 1958-இலும் பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன.

தமிழகத்திலோ இவ்வுணர்வு எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது. திருமழபாடிச் சிவாலயத்தின் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்ட முதலாம் இராஜராஜன், அதிலிருந்த கல்வெட்டுகளை முன்னதாகப் படியெடுத்து வைக்கச் செய்தான். அவன் மைந்தன் இராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. கல் மாறிற்று, கொடுத்த வாக்கு மாறவில்லை.

வாக்கை ஏன் காக்கவேண்டும்? நந்தாவிளக்கு எரிக்க ஒருவர் ஆடுகளை அளித்தார். திருவமுதுக்கு மற்றொருவர் நிலம் அளித்தார். இத்தருமத்தைக் காப்பவருடைய திருவடிகளைத் தம் தலைமேல் தாங்குவதாகவும் அத்தகையோர் பலர் கல்லில் பொறித்துச் சென்றனர். காப்பவர் யாரென அவர்கள் அறியார். என்றோ பிறக்கப்போகும் நம்மை நம்பி முன்னதாகவே வணங்கிவிட்டனர். அக்கல்லை மணல் வீசித் தேய்ப்பதும், சலவைக்கல் பதித்து மறைப்பதும், அவ்வணக்கத்தை ஏற்றுக்கொண்டு நம்பிக்கைத் துரோகம் செய்வதாகும். கேட்க அவர்கள் வரமாட்டார்கள் என்பதாலேயே நம் கடமை பெரிதாகிறது.

ஆதலின், சிதைந்ததைச் செப்பனிடுதல் கைங்கர்யம். நன்றாய் இருப்பதை அழித்தல் அபசாரம். மரபு முறையில் நிகழ்ந்த திருப்பணிக்காகத் திருவரங்கம் பெரியகோயில் 2017-இல் யுனெஸ்கோ விருது பெற்றது. வழிபாடும் பழைமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அதுவே சான்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி திருக்கோயிலின் 11 நிலைக் கோபுரத்தைக் கண்டு கைகூப்பும் நாம், கூமாப்பட்டி போன்ற சிற்றூர்க் கோயில்களின் சுவர்களையும் அவ்வாறே போற்றவேண்டும். எழுத்துள்ள கல்லில் எண்ணெயும் கற்பூரக் கரியும் தடவாதிருப்போம். புதிதாக உபயம் செய்வோர், தம் பெயரைப் பொறிக்கும்போது பழைய உபயதாரரின் பெயரை மறைக்கலாகாது. நாளை நம்முடைய உபயத்தைக் காக்கப் போகிறவரும் நாம் அறியாத ஒருவரே அன்றோ!

எம்பெருமான் திருவருள் அனைவர்க்கும் பெருகுக.