துணைக்கு ஓர் ஆள்

போனில் கேட்டால் அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பிட்டாச்சு, மாத்திரை போட்டாச்சு, முட்டி வலி எப்போதும் போலத்தான். மயிலாடுதுறையில் தனியாக இருக்கும் எழுபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்கிற பயம் முட்டி வலியைவிடப் பெரியது. அந்தப் பயம்தான் போனை எடுத்துப் பேசுகிறது. அதனால் அவள் சொல்வதோடு சேர்த்து வீடு சொல்வதையும் கேட்கப் பழகிவருகிறேன்.

*

காஸ் சிலிண்டர் பதிவில் இருப்பது என் செல்போன் எண். 14.2 கிலோ சிலிண்டர் அம்மாவுக்கு ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் வரும். சமீபத்தில் மூன்று மாதம் தாண்டியும் அடுத்ததற்குச் சொல்லவில்லை. அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம். காலையில் வடித்த சோறு இரவுக்கும் ஆனது. நடுவில் காபி, பிஸ்கட். கேட்டால், "ஒருத்திக்கு என்ன சமையல்?" என்றாள். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், நின்ற இடத்திலேயே விழ நேரும். என் போனுக்கு வராத ஒரு பதிவுக் குறுஞ்செய்தியில் இவ்வளவும் இருந்தது.

*

கோலத்தில் முதலில் புள்ளிகள் குறைந்தன. சிக்குக் கோலம் போய் நாலு இழைக் கோலம் வந்தது. பிறகு வாசற்படியில் ஸ்டிக்கர் வந்தது. மார்கழிப் பனி, முதுகுப் பிடிப்பு, மாவை எறும்பு இழுக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாமே ஒத்துக்கொள்ளக்கூடிய காரணங்கள்தான். புடவை நைட்டியானதற்கும், வெள்ளிக்கிழமைக் கோயில் நின்றதற்கும்கூட அப்படியே.

முடியவில்லை என்று வயதானவர்கள் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். முடியாததை நாளிலிருந்து ஓசைப்படாமல் எடுத்துவிடுகிறார்கள். மீதியிருக்கும் சின்ன நாளைக் குறையில்லாமல் நடத்திக்கொள்கிறார்கள். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது. அதனால் 'உன்னால் முடிகிறதா' என்று கேட்டுப் பயனில்லை. எதையெல்லாம் விட்டுவிட்டாள் என்று பார்க்க வேண்டும்.

*

1963இல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் அளவுகோலை வெளியிட்டார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, உண்பது என்று ஆறு. இவற்றில் பெரும்பாலும் குளியலுக்குத்தான் முதலில் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. தானே எடுத்துச் சாப்பிடுவது கடைசிவரை நிற்கிறது. 1969இல் லாட்டனும் பிராடியும் இன்னொரு பட்டியல் தந்தார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வண்டி, பஸ்ஸில் வெளியே போய்வருவது, மருந்து, பணம். பெரும்பாலும் அந்த எட்டும் இந்த ஆறுக்கு முன்பே தளரத் தொடங்கும்.

ஆக, சிலிண்டரும் மாத்திரை அட்டையும் கரண்ட் பில்லும் முன்னால் வரும் செய்திகள். "தண்ணி சேரலை, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குளிக்கிறேன்" என்று ஆரம்பித்தால் அடுத்த கட்டம் வந்துவிட்டது. அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. ஈரத் தரையும் வழுக்கும் சோப்பும் பிடிக்க ஒன்றுமில்லாத சுவரும் அவளைப் பயமுறுத்துகின்றன.

*

கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் சுண்ணாம்புச் சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, மங்கலாக ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. அருகில் போய்ப் பார்த்தால் அது கோடே இல்லை. உள்ளங்கை பட்டுப்பட்டு எண்ணெய் ஏறிய இடங்கள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. கதவு நிலையில் நான்கு விரல்கள் அழுந்திய இடம் வழவழவென்று இருக்கிறது. அதற்கப்பால் பீரோ நிற்கிற இடத்தில் கைக்குச் சுவர் எட்டாது. பிடிமானம் இல்லாமல் நாலடி நடந்தாக வேண்டும். எத்தனையோ இரவுகள் இருட்டில் அந்த நாலடியை அவள் தனியாகக் கடந்திருக்கிறாள். அதைப் பார்த்த மறுநாளே தச்சரை வரச்சொல்லி அந்த இடத்தில் கைப்பிடி அடிக்க ஏற்பாடு செய்தேன். ஒரு மின்விளக்கு இரவு முழுக்க எரிகிறது.

மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கொள்கிறார்கள். எழும்போது எத்தனை தரம் உன்னி எழுகிறாள், திரும்பும்போது எதைத் தேடிக் கை நீள்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எனக்கு அந்தக் கைதான் கடிகாரத்தைவிட அதிகம் சொன்னது.

*

எல்லாவற்றையும் வயதின் தலையில் போடுவதும் தப்பு. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஊர் பேர் தெரியாமல் உளறினால் அது மூப்பு அல்ல. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடம்பில் சோடியம் குறைந்திருக்கலாம், புதிதாகத் தொடங்கிய மாத்திரையாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மெல்ல வரும் மறதியிலும் தைராய்டு, பி12 குறைபாடு என்று சரிசெய்யக்கூடியவை உண்டு. ஆள் வைப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனை. நான் சந்தித்த பல குடும்பங்களில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது.

*

"எனக்கு எதுக்குடி ஆளு? நான் என்ன படுக்கையிலயா கெடக்கேன்?"

இந்தக் கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் பின்வாங்குகிறோம். படுக்கையில் விழும்வரை காத்திருந்தால், முன்பின் தெரியாத ஒருத்தி வந்து, கேட்காமல் உடம்பைத் தொட்டுத் துடைப்பாள். அது எவருக்கும் அவமானமாகத்தான் இருக்கும். கால் ஊன்றி நடக்கும்போதே ஆள் வந்தால் கதை வேறு. யார் வரலாம், எத்தனை மணிக்கு வரலாம், ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதையெல்லாம் அம்மாவே சொல்வாள். வீடு அவள் கையில் இருக்கும்.

அம்மாவுக்குக் காலையில் இரண்டு மணி நேரம் ஓர் அக்கா வருகிறார். குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று, கூப்பிட்டால் முதுகு தேய்ப்பது, சமையலுக்குக் கூடமாட உதவுவது, மாத்திரையை எடுத்துவைப்பது, அவ்வளவே. "வெங்காயம் நறுக்கக்கூடத் தெரியலடி அவளுக்கு" என்று போனில் குறை சொல்கிறாள். எனக்கு அதைக் கேட்க நிம்மதியாக இருக்கிறது. சிலிண்டருக்கும் போன வாரம் சொல்லியாயிற்று.

இன்னொன்றும் கண்டேன். முதுகு தேய்க்க மகள் கையைவிட அந்த அக்காவின் கை அம்மாவுக்குச் சுலபமாக இருக்கிறது. மகள் முன்னால் தளர்ந்து நிற்க அவளுக்கு மனமில்லை. பெற்றவளை நாமேதான் பார்க்க வேண்டும், வெளியாளை விட்டால் ஊர் என்ன சொல்லும் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தப் பேச்சில் மகனும் மகளும் 'நாமே' என்கிறார்கள். பல வீடுகளில் முதுகொடிந்து பார்ப்பது மருமகள்.

*

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது காலையில் வந்து மாலையில் பஸ் ஏறாதீர்கள். ஓர் இரவு தங்குங்கள். எழுந்து நடக்கும் சத்தம் கேட்டால் படுத்தபடியே கவனியுங்கள். மறுநாள் காலை அவளையே கேளுங்கள், எந்த வேலைக்கு ஆள் வந்தால் உனக்குச் சௌகரியம் என்று. யாரிடம் விசாரிப்பது என்று தெரியாதவர்களுக்கு முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது. காலை 8 முதல் இரவு 8 வரை அழைக்கலாம், கட்டணம் இல்லை.