பட்டம் பெற்ற பிள்ளையிடம் கைக்கூலி கேட்கலாமா?

கடந்த ஆண்டு என் மகள் செவிலியர் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கினாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவள்தான். என் அப்பா பனையேறினார். நான் கொத்தனார். என் மனைவி இன்றும் அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கிறாள். கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து மகள் மேடையேறியபோது என் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை உயர்வதைக் கண்டு மகிழ்வதில் தவறே இல்லை. ஆனால் அன்று என் பைக்குள் ஒரு நோட்டு இருந்தது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நான்கு வருடமாக அவள் படிப்புக்கு ஆன செலவையெல்லாம் அந்த நோட்டில் எழுதி வந்தேன். கல்லூரிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதிச் சாப்பாடு, பஸ் காசு, அடகு வைத்த நகைக்குக் கட்டிய வட்டி, எதையும் விடவில்லை. பெற்றோர் பட்ட பாடு பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவள் சென்னையில் வேலைக்குப் போக விரும்பினாள். நான் ஊரிலேயே ஒரு சம்பந்தம் பார்த்து வைத்திருந்தேன். நோட்டைக் காட்டினால் எதிர்த்துப் பேச மாட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதை அவள் கையில் கொடுத்தேன். ஒரு பக்கம் விடாமல் படித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, அம்மைக்க கணக்கு இதுல எங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. தோட்டெண்ணெய் பட்டுக் கறுத்துப்போன அவள் அம்மையின் விரல்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது? என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பப் பனையேறிய என் அப்பாவுக்கு நான் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு? அவர் என்னிடம் எந்த நோட்டையும் காட்டியதில்லை.

அன்று மாலை மூவரும் நிழல்தாங்கலுக்குப் போனோம். நாமம் சாற்றிக்கொண்டு பள்ளியறைக் கண்ணாடி முன் நின்றேன். அய்யா நம்மிடம் காணிக்கை வேண்டாம் என்றவர், கைக்கூலி கேட்கக் கூடாது என்றவர். அவர் சந்நிதியில் நின்றுகொண்டே பெற்ற பிள்ளையிடம் கைக்கூலி கேட்டவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது. கைக்கூலி என்றால் அதிகாரி வாங்கும் பணம் மட்டும்தானா? "உனக்கு இவ்வளவு செய்தேன், ஆகவே உன் வாழ்வை என் விருப்பத்துக்குக் கொடு" என்பதும் கைக்கூலிதான்.

தலைப்பாகையை நினைத்துப் பாருங்கள். அன்றைய திருவிதாங்கூரில் நம் முன்னோர் தலையில் துணி சுற்றியது சும்மாடாகத்தான். பிறர் சுமையைக் கூலியில்லாமல் சுமக்க அந்தச் சும்மாடு. அதே துணியைத் தலைப்பாகையாகக் கட்ட அவர்களுக்கு உரிமை இல்லை. தலைக்கு வரி, பனைக்கு வரி என்று வாழ்ந்த மக்களிடம், 1833 மாசி 20இல் வைகுண்டராய் வந்த அய்யா, தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார். உன் தலை பிறர் சுமைக்கு ஆனதல்ல, நீயும் அரசன் என்பதே அதன் பொருள்.

பட்டம் வாங்கிய பிள்ளையின் தலையும் அப்படித்தான். நம் நிறைவேறாத ஆசை, ஊரார் முன்னால் நமக்கு வேண்டிய பெருமை, நாம் பேசி வைத்த சம்பந்தம், எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றினால் தலைப்பாகையை மறுபடியும் சும்மாடாக்குகிறோம். அதை அன்பின் பெயரால் செய்கிறோம் என்பதால் சுமை குறைந்துவிடாது.

அப்படியானால் பெற்றோருக்குப் பிள்ளை எதுவுமே செய்ய வேண்டாமா என்று கேட்பீர்கள். செய்ய வேண்டும். முதுமையில் தாய் தகப்பனைக் காப்பது தர்மம். ஆனால் தர்மம் தானாகச் சுரக்க வேண்டும். மிரட்டி வாங்கினால் அது வரியாகிவிடும். அன்பாலும் நடத்தையாலும் பிள்ளைக்கு அந்தத் தர்மத்தைக் கற்றுக் கொடுக்கலாம். கணக்கு நோட்டால் கற்றுக் கொடுக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவதுதான் அய்யா காட்டிய தர்மம். நமக்கு மேலே இருந்தவர்கள் நம்மைத் தூக்கிவிட்ட கடனை, நமக்குக் கீழே இருப்பவரைத் தூக்கித்தான் தீர்க்க முடியும். என் மகள் நாளை ஒரு ஏழை நோயாளியை முகம் சுளிக்காமல் தொட்டுத் துடைத்தால், என் அப்பா ஏறிய பனைக்கும் அதில் பங்கு உண்டு.

நம் தாங்கல்களில் கண்ணாடி முன் நிற்பவர் தம் முகத்தையே காண்கிறார். தகப்பன் மகளுக்காக அதில் பார்க்க முடியாது. விளக்கைத் தூண்டிவிடலாம், பிறகு விலகி நிற்கலாம். பிள்ளை ஆளாவது என்பது அது தன் முகத்தைத் தானே காணத் தொடங்குவது.

தாங்கலில் இனிமம் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் சொன்னேன்: "மக்களே, நீ சென்னைக்குப் போ. கல்யாணத்தை நீ சொல்லும்போது பேசுவோம்." அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று. அவர்களுக்கு இன்றும் என்மேல் வருத்தம்தான். அது நான் தாங்க வேண்டியது, அவள் தலையில் ஏற்ற வேண்டியது அல்ல.

உங்கள் வீட்டில் பிள்ளை பட்டம் வாங்கினால் மகிழுங்கள். தாங்கலுக்கு அழைத்துப் போங்கள். விளம்பரப் பலகைக்கு ஆகும் பணத்தில் நாலு பேருக்கு அன்னதர்மம் செய்யுங்கள். வீட்டில் கணக்கு நோட்டு இருந்தால் அதை அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் போட்டுவிட்டேன்.

அய்யா உண்டு.