கல்விப் பயனும் அங்கக்குறையுடைய சிறாரும்



கல்வி எதன்பொருட்டு என்று வினவின், உத்தியோகத்தின்பொருட்டு என்றே நம்மவருட் பலர் விடை கூறுவர். அப்புத்தளைத் தோட்டப்புறங்களிலே இவ்விடை ஒரு கொடுமைக்குக் காரணமாயிருக்கின்றது. உத்தியோகமே பயனாயின், கண் காணாத பிள்ளைக்கும் செவி கேளாத பிள்ளைக்கும் கால் வழங்காத பிள்ளைக்கும் பாடசாலை எற்றுக்கு என்னும் எண்ணம் தானே வந்துவிடுமன்றோ? தாய் கொழுந்தெடுக்கச் செல்ல, அப்பிள்ளை லயத்துக் காம்பராவிலே தனித்திருக்கின்றது.

சைவசித்தாந்தம் கூறுவது வேறு. ஆணவ இருளிற் கட்டுண்ட ஆன்மாவுக்கு அறிவு சிறிதேனும் விளங்கும்பொருட்டே இறைவன் தனு கரண புவன போகங்களைக் கொடுத்தருளினான். அவ்விளக்கத்தை வளர்ப்பது கல்வி. கருவிகளுள் ஒன்று குறைந்தமையால் ஆன்மா குறைந்துவிடாது.

“அஃது அதன் வினைப்பயன், நாம் என் செய்வோம்?” என்பாரும் உளர். சைவர் வாயில் இச்சொல் அடிக்கடி வருதலின் இதனைச் சற்று விரித்துரைப்பாம். அப்பிள்ளை நுகர்வது பிராரத்தமாயின், நுகர்விப்பவன் இறைவன். அவ்வதிகாரத்தை அவன் அயலவருக்கும் ஆசிரியருக்கும் கொடுத்திலன். பிள்ளையை வாயிலில் மறித்துத் திருப்பியனுப்பும் செயலோ மறித்தவருக்கே ஆகாமியமாய் ஏறும்.

திருவாரூரிலே பிறவியிற் கண்ணிலாராகிய தண்டியடிகணாயனார், திருக்குளத்தைப் பெருக்க எண்ணி, குளத்தினுள்ளும் கரையிலும் தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவித் தடவிச் சென்று மண் சுமந்தார். புராணம் படிக்குங்கால் அவர் கண் பெற்ற அற்புதத்தையே நாம் பாராட்டுகின்றோம், கயிற்றை மறந்துவிடுகின்றோம். தொண்டு நிகழ்ந்தது கண் பெறுமுன்பன்றோ? அதற்கு வேண்டியிருந்தது ஒரு கயிறே. அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகிலே எழுத்தெழுதிக் கற்பித்தனர் என்பர். அதுவும் ஒரு கயிறே.

நமது நாட்டிலே 1912 இல் மேரி சப்மன் என்னும் கிறிஸ்தவ அம்மையார் செவிப்புலன் கட்புலன் இழந்தோர்க்குத் தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் நடைபெற்று வருகின்றது. 1956 இல் கைதடியிலே நவீல்ட் பாடசாலை தோன்றிற்று. மிஷன் பாடசாலையிற் கற்ற நாம், நன்று செய்தாரை நன்று செய்தாரென்று கூற நாணுகின்றிலேம். சைவரும் கோண்டாவிலிலே சிவபூமிப் பாடசாலையை நடத்துகின்றனர்.

ஆயினும், நாட்கூலியால் வாழுந் தாய் தன் பிள்ளையை அத்துணைத் தூரம் அனுப்புதல் எங்ஙனம்? அயலிலுள்ள பாடசாலையே ஏற்றல் வேண்டும். அங்கக்குறை காரணமாக எக்கல்விநிலையமும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தலாகாதென்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும் விதிக்கின்றது. சட்டம் பாராளுமன்றத்திலே இயற்றப்பட்டது. பாடசாலைப் படிகளோ இங்கே மழையில் வழுக்குகின்றன.

அப்படிகளுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி இடுதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? திருவிழாவில் வாணவெடியாய்ப் புகைந்துபோகும் பணத்தில் ஒரு கூறு போதும். செவி மந்தமான பிள்ளையை ஆசிரியர் முகங் காணுமாறு முன்வாங்கில் இருத்துதற்கு அதுவும் வேண்டா. வருகின்ற வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயிற் பரிபாலனத்தார் இருவர் லயந்தோறுஞ் சென்று, பாடசாலைக்கு வராதிருக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதிவருவாராக.

திருச்சிற்றம்பலம்.