உறங்காப் புளியும் ஊர்ப்புற மரங்களும்



குற்றாலத்துச் சாரலில் நனைந்து, பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடி, ஈர வஸ்திரத்தோடு கீழப்பாவூருக்கு வந்து, 16 திருக்கரங்களோடு எழுந்தருளியிருக்கும் நரசிம்மப் பெருமாளை ஸேவிக்கும் பாக்கியம் தென்காசிச் சீமைக்கு வரும் யாத்ரிகர்களுக்கு வாய்க்கிறது. ஸேவித்து நிற்கும் எவருக்கும் தூணின் கதை நினைவுக்கு வராமல் இராது. “உன் ஹரி எங்கே?” என்று இரணியன் கேட்டபோது, பாலகனான ப்ரஹ்லாதன் தயங்காமல் தூணைக் காட்டினான். தூண் என்பது மனிதன் செதுக்கி நிறுத்தியது; தளிர்ப்பதுமில்லை, பூப்பதுமில்லை. அதற்குள்ளேயே எழுந்தருளியிருந்த எம்பெருமான், வேர் பிடித்து உயிரோடு நிற்கும் மரத்தினுள் இல்லாமற் போவானோ?

மரத்திற்கு உயிருண்டு என்பதை நம் பெரியோர்கள் ஆய்வுக்கூடங்களில் அறிந்துகொண்டவர்களல்லர். சாந்தோக்ய உபநிஷத்தில் உத்தாலகர் தம் குமாரன் ச்வேதகேதுவுக்கு ஒரு பெருமரத்தைக் காட்டி உபதேசிக்கிறார். அதன் அடியில் வெட்டினாலும் நடுவில் வெட்டினாலும் நுனியில் வெட்டினாலும், அது ரஸத்தைச் சிந்துமேயன்றி உயிர் விடாது; உயிர் எந்தக் கிளையைவிட்டு நீங்குகிறதோ அந்தக் கிளை உலரும்; முழுவதையும் விட்டு நீங்கினால் முழுவதும் உலரும் என்பது அவ்வுபதேசத்தின் கருத்து. சேதன அசேதனங்கள் அனைத்தும் எம்பெருமானுக்குத் திருமேனி என்பது உடையவர் நிலைநாட்டிய ஸித்தாந்தம். ஆகையால் மரத்தின்மேல் விழும் வெட்டு எங்கே போய்த் தைக்கிறது என்பதை வைஷ்ணவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் ஆல், அத்தி, அரசு ஆகிய மூன்றின் பெயர்களும் அடுத்தடுத்துத் திருநாமங்களாக வருகின்றன. கீதையின் 10ஆம் அத்தியாயத்தில் கண்ணன், மரங்களுள் தன்னை அரசமரமாகக் கூறிக்கொள்கிறான். பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் காணும் இடமோ இவற்றிலும் இனியது. வெயிலில் மாடு மேய்க்கப் போன கண்ணன், குடைபோல் நிழல் விரித்த மரங்களைத் தோழர்களுக்குக் காட்டி, இவை காற்றையும் மழையையும் பனியையும் தாம் தாங்கி நம்மைக் காக்கின்றன, இவற்றை அண்டி வந்தவன் எவனும் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று வியந்து பேசுகிறான். கேட்டவர்கள் ரிஷிகளல்லர், இடைச்சிறுவர்கள். குழந்தைப் பருவத்திலேயே மனத்தில் பதியவேண்டிய பாடம் இது என்பதனால் போலும்.

இங்கே ஒரு கேள்வி எழக்கூடும். உரலை இழுத்துக்கொண்டு தவழ்ந்த அதே கண்ணன் இரண்டு மருதமரங்களைச் சாய்க்கவில்லையா? சாய்த்தான். ஆனால் அவை நாரதரின் சாபத்தால் மரமாகி நின்ற குபேரனின் புத்திரர்கள். சாபவிமோசனத்திற்காக நூறு தேவவருஷங்கள் காத்திருந்தவர்கள். வீட்டுச் சுவருக்கு இடைஞ்சலாக நிற்கும் வேப்பமரத்தில் அப்படி ஒரு குபேரபுத்திரன் இருப்பதாக எவரும் நிரூபித்ததில்லை.

நம்மாழ்வாரின் வைபவத்தை நினைத்தால் மரத்தின் பெருமை இன்னும் விளங்கும். காரியாரும் உடையநங்கையாரும் பெற்றெடுத்த அந்தத் திவ்யசிசு, பாலுண்ணாமலும் அழாமலும் இருக்கவே, ஆதிநாதன் ஸன்னதிப் புளியமரத்தடியில் விடப்பட்டது. 16 ஆண்டுகள் ஆழ்வார் யோகத்தில் எழுந்தருளியிருந்ததற்கு மாளிகையோ மண்டபமோ இடமாக வாய்க்கவில்லை, புளியமரம்தான் வாய்த்தது. அந்தப் புளியை ஆதிசேஷனின் அம்சம் என்றே பெரியோர்கள் ஸாதிப்பர். மற்றப் புளியமரங்கள் அந்தி சாய்ந்ததும் இலைகளை மடக்கிக்கொள்ளும். திருக்குருகூர்ப் புளியோ இலை மூடாது காவல் நிற்பது என்பது ஐதிஹ்யம். உறங்காப் புளி என்று திருநாமம் பெற்றதும் அதனாலேதான். பக்தர்கள் அதை இன்றளவும் வலம் வருகிறார்கள். பொந்து விழுந்துவிட்டது, இனி இது எதற்கு என்று ஒருவரும் அதன்மேல் கோடரியை ஓங்கியதில்லை. குற்றாலத்திலும் சைவப் பெருமக்கள் குறும்பலாவைத் தலவிருட்சமாகப் போற்றுகிறார்கள். அந்தப் பலாவின் பெயராலேயே ஞானசம்பந்தர் தனிப்பதிகம் அருளியிருக்கிறார்.

கோயிலுக்குள் நிற்கும் மரத்திற்கு இத்தனை மரியாதை இருக்க, கோயில் மதிலுக்கு வெளியே, குடியிருப்புகளின் நடுவே நிற்கும் மரங்களின் நிலைமை வேறாக இருக்கிறது. தென்காசியையும் குற்றாலத்தையும் சூழ்ந்த தோப்புகளும் வயல்களும் மனைகளாகி வருகின்றன. திருநெல்வேலி–தென்காசி நெடுஞ்சாலை நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டபோது, வழிப்போக்கர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நிழல் கொடுத்த மரங்கள் வீழ்ந்தன. சாலை வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. எஞ்சி நிற்கும் மரங்களையாவது கொல்லாமல் வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி. கோடரியால் சாகும் மரங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அன்போடு செய்யும் காரியங்களால் மெல்லச் சாகும் மரங்கள் தெரிவதில்லை.

அரசமரத்தடியில் மேடை கட்டும் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். புண்ணியகாரியம் என்று எண்ணி, மண்ணைக் கொட்டி உயர்த்தி, தண்டை ஒட்டிச் சிமெண்டு பூசி, பளிங்குக் கல்லும் பதித்துவிடுகிறார்கள். உறிஞ்சும் வேர்களிற் பெரும்பாலானவை பாதாளத்தில் இல்லை. மேல்மண்ணில் முழங்கால் அளவு ஆழத்திலேயே, கிளைகளின் நிழல் விழும் எல்லைக்கும் அப்பால் வரை பரவியிருக்கின்றன. அவை மூச்சுவிட வேண்டும், மழைநீரைப் பருக வேண்டும். சிமெண்டு இரண்டையும் தடுக்கும். தண்டின் அடிப்பட்டையில் ஈரமண் குவிந்தால் அந்தப் பட்டை அழுகும். கட்டிய வருஷம் மரம் செழிப்பாகவே நிற்கும். சில வருஷம் கழித்து உச்சிக்கிளை காயும்போது, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்வார்கள்! மேடை வேண்டுமானால் தண்டிலிருந்து நன்கு விலக்கி, மண் திறந்திருக்கும்படி கட்டலாம். தீபத்தையும் கற்பூரத்தையும் தண்டில் ஒட்டி ஏற்றாமல் சற்றுத் தள்ளி ஏற்றினாலும் பெருமான் ஏற்றுக்கொள்வான்.

பட்டைக்கு அடியில் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. மரம் பருப்பது அதனால். உணவு இலையிலிருந்து வேருக்கு இறங்குவதும் பட்டையின் உட்புறத்தில்தான். விளம்பரத் தகட்டுக்காக அடிக்கும் ஆணியும், பந்தலுக்காகச் சுற்றிக்கட்டி மறந்துபோன கம்பியும் அங்கேதான் பாய்கின்றன. கம்பி சதைக்குள் புதைந்து சுற்றிலும் அறுத்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். வேண்டுதலுக்குக் கட்டும் மஞ்சள் நூல் இற்றுப் போகும், நைலான் கயிறு இற்றுப் போவதில்லை. வீதியின் குப்பையையும் சருகையும் மரத்தடியில் கூட்டிக் கொளுத்துவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தச் சருகு எரிக்கப்படாமல் தண்டைத் தொடாதபடி மண்ணில் பரப்பப்பட்டால், அதுவே அம்மரத்திற்கு உரமும் போர்வையும் ஆகும்.

மின்கம்பிக்காகக் கிளை கழிக்க வேண்டிவரும். கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல் சற்றே புடைத்த பகுதி ஒன்றிருக்கிறது; காயத்தை மூடும் சக்தி அங்கேதான் இருக்கிறது. அதை விட்டு, அதற்கு வெளியே ஒட்டினாற்போல் அறுக்க வேண்டும். பருத்த கிளையானால் முதலில் கீழ்ப்புறத்தில் சிறிது அறுத்துக்கொண்டு, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை உரிந்து வராது. மரத்தையே மொட்டையடிக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். மொட்டையடித்த இடத்தில் புசுபுசுவென்று துளிர்ப்பதைக் கண்டு மகிழ்கிறார்கள். அந்தப் புதுக்கிளைகள் மேலோட்டமாக ஒட்டியிருப்பவை, காற்றுக்கு முறிபவை. பொந்துகளைச் சிமெண்டால் அடைக்கும் பழைய முறையும் இப்போது கைவிடப்பட்டுவிட்டது. நடுக்கட்டை இற்றுப்போனாலும் வெளிக்கட்டை திடமாயிருந்தால் மரம் மூங்கிலைப்போல் நின்றுகொள்ளும்.

காயம் என்ன செய்யும் என்பதற்குக் கல்கத்தாவை அடுத்த ஹௌராவின் தாவரத் தோட்டத்து ஆலமரம் சாட்சி. 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் அதன் பெருங்கிளைகள் முறிந்தன. முறிந்த வாயில் காளான் நோய் புகுந்தது. கடைசியில் 1925இல் தாய்த்தண்டையே அகற்ற நேர்ந்தது. ஆனால் மரம் சாகவில்லை. மண்ணில் ஊன்றிய விழுதுகள் தாங்க, இன்றும் ஒரு காடுபோல் நிற்கிறது. வீதியில் தொங்கும் ஆலம்விழுதுகளைத் தலையில் இடிக்கின்றனவென்று அறுத்தெறியும் கைகள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். இலங்கை அநுராதபுரத்து வெள்ளரசு கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் நடப்பட்டதாகப் பௌத்தர்கள் போற்றுவது. தாழ்ந்த கிளைகளுக்கு முட்டுக்கால் கொடுத்து, முதியவரைக் கைத்தாங்கலாக வைத்திருப்பதுபோல் அதனை வைத்திருக்கிறார்கள்.

மெய்யாகவே அபாயமான மரமும் உண்டு. அடித்தண்டில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்தால், நேராக நின்றது புதிதாகச் சாய்ந்தால், வேரடி மண் ஒருபுறம் வெடித்து உயர்ந்தால், தாமதிக்காமல் தெரிந்தவர்களைக் கொண்டு பார்க்க வேண்டும். கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். வெட்டத்தான் வேண்டுமென்றால் வெட்டுவது பாவமாகாது. அசோகவனத்தையே துவம்ஸம் செய்த திருவடி, பிராட்டி எழுந்தருளியிருந்த சிம்சுபா மரத்தை மட்டும் தொடவில்லை என்கிறார் வால்மீகி. அத்தனை கோபத்திலும் எந்த மரம், யாருக்கு நிழல் என்று பார்த்தே அவர் கை வைத்தார்.

ஆனி ஆடியில் சாரல் விழுந்து மண் இளகியிருக்கும் நாட்கள், மரத்தடிச் சிமெண்டை உடைத்து எடுப்பதற்கு ஏற்றவை. கோடையிலோ, நிழலின் எல்லையை ஒட்டிச் சுற்றிலும் வாரம் ஒருமுறை ஆழ நனைய நீர் விட்டால் போதும். தண்டின் மேல் ஊற்ற வேண்டியதில்லை. இச்சீமை மக்களுக்கு அந்த நீரும் மரம் தந்ததே. திரிகூடமலையின் காடு மழையை வாங்கி, வேரில் தேக்கி, மெல்லக் கசியவிடுகிறது. அருவியாக விழுந்தது சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் பொருநையோடு கலந்து, ஸ்ரீவைகுண்டத்தையும் தாண்டித் திருக்குருகூரின் ஓரமாக, ஆழ்வார் அமர்ந்த புளிக்கு அருகே ஓடிக் கடலை அடைகிறது.