நெய்யாதவர் கையில் ஊர்ப்பெயர்

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் விவரம் தெரிந்தவர்கள் சேலை எடுக்கும்போது ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால் மனம் நிறையும். நடுவில் சிவப்புப் பட்டு, அதைச் சுற்றி வெள்ளி, அதற்கு மேல் தங்க முலாம் என்பதுதான் அசல் ஜரிகையின் கட்டு. கண்ணைப் பறிப்பது தங்கம். அதைத் தாங்கி நிற்பது உள்ளிருக்கும் இழை. ஊர்ப்பெயருக்கும் இது பொருந்தும். ‘காஞ்சிபுரம் பட்டு’ என்ற பெயர் மின்னுகிறது என்றால், அதைத் தாங்கும் இழை அவ்வூர் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிகளில் இருக்கிறது. அந்தப் பெயரை மட்டும் தனியே வாங்கி வைத்துக்கொண்டு, விலை ஏறும்வரை காத்திருந்து விற்பது அறமாகுமா?

பெயரும் இன்று முதலீடாகிவிட்டது. மனை வாங்கிப் போடுவது போல வணிகச் சின்னங்களையும் இணையத்து டொமைன் பெயர்களையும் வாங்கிப் போடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். டொமைன் பெயரில் விதி எளிது. முதலில் கேட்டவருக்குப் பெயர் கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் கட்டும்வரை அது அவருடையது. தறி வைத்திருக்கிறாரா, பட்டு விற்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. காஞ்சி, காஞ்சிபுரம், காஞ்சீவரம் என ஒவ்வோர் எழுத்துக்கூட்டலும் ஒரு தனி வாசல். அதோடு பட்டு, சேலை என்று சேர்த்தால் வாசல்கள் பெருகும். இவை வெறும் முகவரிகள் என்று ஒதுக்கவும் முடியாது. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்தின் இயல்பு உண்டு, அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. சட்டம் அதில் சொத்தின் மதிப்பைக் கண்டுவிட்டது. சொத்து என்றாலே யாருடையது என்ற கேள்வி பின்னால் வரும்.

வாங்கி வைப்பவர் தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். அவர் எதையும் திருடவில்லை. எவரும் கேட்காமல் கிடந்த பெயரைக் கேட்டார். விலைபோகுமா என்பது தெரியாமலே ஆண்டுதோறும் பணம் கட்டினார். நெசவாளர் சங்கங்கள் சில நூறு ரூபாயில் முடித்திருக்கக்கூடிய வேலையை முடிக்காமல் விட்டதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? கோயில் தேர் ஓடும் வீதியில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் மனை வாங்கியவரும் தாம் கட்டாத கோயிலால்தானே பலன் அடைகிறார்? அவரைப் பாவி என்று யாரும் சொல்வதில்லையே. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. முன்னறிவுக்கும் துணிவுக்கும் பலன் கிடைப்பதை அறம் மறுப்பதில்லை.

ஆனால் எல்லாப் பெயரும் ஒரே வகை அல்ல. ஒருவர் தம் கற்பனையில் ஒரு புதுச்சொல்லை உருவாக்கிப் பதிவு செய்து விற்றால், அவர் விற்பது அவர் செய்த பொருள். ஒரு குடும்பம் தன் பெயரில் கடை நடத்தி நம்பிக்கை சேர்த்தால் அதுவும் உழைத்த சொத்து. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த நல்லி சின்னசாமி செட்டியார் 1928இல் சென்னை தியாகராய நகரில் கடை வைத்தார். ‘நல்லி’ என்ற பெயருக்கு இன்று இருக்கும் மதிப்பு, தலைமுறை தலைமுறையாக அந்தக் கடை வாடிக்கையாளரிடம் சேர்த்தது. அதை விற்கவோ வைத்துக்கொள்ளவோ அந்தக் குடும்பத்துக்கு உரிமை உண்டு. ‘காஞ்சிபுரம்’ என்பதன் மதிப்பு அப்படி ஒரு வீட்டுக்குள் சேர்ந்ததா?

ஒரு கோர்வைச் சேலை தறியில் ஏறியிருக்கும்போது அருகில் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். வலது கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒன்று, இடது கரைக்கு ஒன்று என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவரால் முடியாது, பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் தர வேண்டும். உடலிழையும் கரையிழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் அந்த இடத்தில்தான் சேலையின் உறுதி இருக்கிறது. சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று ஊர் பெருமை பேசுவது இதனால்தான். பாவு பூட்டியவர், சாயம் தோய்த்தவர், இழை பிணைத்தவர், நெய்தவர் என்று பல கைகள் பட்டு, பல நாள் உழைப்பில் ஒரு சேலை இறங்குகிறது. அதன் முந்தியை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் நெய்தவர் பெயர் இருக்காது. பெட்டியின் மேல் கடைப்பெயர் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்கும். நெசவாளியின் கையெழுத்து என்று உலகத்துக்குப் போவது அந்த ஊர்ப்பெயர் ஒன்றுதான். அதை வேறொருவர் பூட்டி வைத்தால், கையெழுத்தே இல்லாதவரின் ஒரே கையெழுத்தையும் பறித்ததாகும்.

நம் சட்டம் இந்த வேறுபாட்டை ஓரளவு உணர்ந்திருக்கிறது. வணிகச் சின்னத்தை விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பதிவு செய்துவிட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் முடக்கி வைத்தால், பதிவேட்டிலிருந்து நீக்கும்படி பிறர் கேட்கலாம். ‘உழுபவனுக்கே நிலம்’ என்ற முழக்கத்தின் நியாயம் இதில் கேட்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் கீழ் காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் பதிவானது. அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, புவிசார் குறியீட்டை விற்கவோ அடகு வைக்கவோ பிறருக்கு உரிமம் கொடுக்கவோ முடியாது என்கிறது. பயன்படுத்துவோர் பலர் இருக்கலாம். விற்கும் உரிமையுள்ளவர் ஒருவரும் இல்லை.

கோயில் நகரத்துக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ஏகாம்பரநாதருக்கும் வரதராஜருக்கும் எழுதி வைத்த நிலம் சாமியின் சொத்து. சட்டத்தின் பார்வையிலும் உரிமையாளர் தெய்வமே. தர்மகர்த்தா காவலர் மட்டுமே. அந்த நிலத்தை விற்க வேண்டுமானால், கோயிலுக்கு அது தேவை என்று காட்டி அறநிலையத் துறையின் அனுமதி பெற வேண்டும். இல்லையென்றால் விற்பனை செல்லாது. ‘சிவன் சொத்து குல நாசம்’ என்று பாமரரும் சொல்வதில் அச்சத்தோடு ஓர் அறிவும் இருக்கிறது. பலர் சேர்ந்து பல காலத்துக்காக வைத்ததை ஒரு காலத்து ஒருவர் விலைபேசக் கூடாது என்பதே அந்த அறிவு. ஊர்ப்பெயர் அந்த வகைச் சொத்து.

இணையத்தில் இந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. டொமைன் தகராறுகளைத் தீர்க்க 1999இல் வந்த உலகளாவிய நடைமுறை, வணிகச் சின்னம் வைத்திருப்பவருக்கே செவிசாய்க்கிறது. புவிசார் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பிரான்சின் ஷாம்பெயின் உற்பத்தியாளர் அமைப்பு 2011இல் ‘ஷாம்பெயின்.கோ’ என்ற முகவரியைக் கேட்டு வழக்காடித் தோற்றது. செல்வாக்கும் வழக்கறிஞர் படையும் உள்ள ஷாம்பெயினுக்கே இந்த நிலை என்றால், கூலிக்கு நெய்யும் குடும்பம் எங்கே போய் முறையிடும்? சட்டம் கை கொடுக்காத இடத்தில் மனச்சாட்சிக்கு வேலை கூடுகிறது. தடை இல்லை என்பதே அனுமதி ஆகிவிடாது.

அப்படியானால் ஊர்ப்பெயரால் பிழைப்பவர் எல்லோரும் குற்றவாளிகளா? இல்லை. காஞ்சி என்று பலகை வைத்த விடுதிக்காரர் தங்க இடம் கொடுக்கிறார். கடைக்காரர் சேலை கொடுக்கிறார். அவர்கள் பெயரைப் பயன்படுத்துவதால் அடுத்தவருக்கு அந்தப் பெயர் குறைந்துபோவதில்லை. தேர் வீதியில் மனை வாங்கியவரும் அங்கே குடியிருக்கிறார், கடை வைக்கிறார். வாசலை அடைத்துவிட்டு, அடைத்ததற்கே விலை கேட்பவர்தான் எல்லையைத் தாண்டுகிறார். அவருடைய லாபம் முழுவதும், உள்ளே போக வேண்டியவரின் தவிப்பிலிருந்து வருகிறது. அந்தப் பெயரோடு அவர் எதையும் சேர்க்கவில்லை.

இதே அளவுகோலை ஊருக்குள்ளும் வைக்க வேண்டும். விசைத்தறியில் ஓடிய துணியைக் கைத்தறிப் பட்டென்று ‘காஞ்சிபுரம்’ சொல்லி விற்கும் வணிகரும், போலி ஜரிகையை அசல் என்று தள்ளுபவரும், ஊர்ப்பெயரை முடக்கி வைப்பவரைவிட நல்லவர்கள் அல்ல. முடக்கியவர் வாசலைத்தான் மறிக்கிறார். இவர்கள் வீட்டையே அரிக்கிறார்கள். காவல் என்றால் கணக்கும் உண்டு. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் 10ஆம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்கு நிற்க முடியாது என்று விதித்தது. ஊர்ப்பெயரைக் காக்கும் பொறுப்பிலிருக்கும் கைத்தறித் துறைக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அந்த விதி இன்றும் பொருந்தும். எந்தெந்தப் பெயரைப் பதிந்தீர்கள், எதைக் கைவிட்டீர்கள், அதனால் தறிக்கு வந்தது என்ன என்று நெசவாளி கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

ஊர்ப்பெயரை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவருக்கும் நல்வழி அடைபடவில்லை. கட்டிய கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு பெயரைச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். அல்லது அந்த வாசலைத் திறந்து, தறியில் இருப்பவர் தம் சேலையைத் தம் பெயரோடு விற்க வழிசெய்யலாம். அப்போது அவரும் அந்த ஊருக்கு உழைத்தவர் ஆவார். நாடாவை வாங்கித் தருவதற்குக் கரையோரம் ஒருவர் எப்போதும் தேவைப்படுகிறார். அங்கே உட்காரலாம்; நாடாவைப் பிடித்து வைத்துக்கொண்டு விலை சொல்லக் கூடாது.