கீறலுக்கு அஞ்சுகிற கையா உன் கை?

கீறல் விழுந்துவிட்டதா? விழட்டும்! முதலில் தலையை நிமிர்த்து.

அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களிடம் இந்தச் சோகம் சகஜம். மாதக்கணக்கில் காசு சேர்த்து, எவர்சில்வர் குழல் வைத்த ரைஃபிள் ஒன்றை ஆசை ஆசையாக வாங்குவார்கள். மொன்டானாவிலோ அலாஸ்காவிலோ முதல் மலையேற்றத்திலேயே ஒரு பாறை உரசிவிடும். அதில் தப்பினாலும், வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டகத்துக்குள் வைக்கும்போது பக்கத்துத் துப்பாக்கியின் போல்ட் கைப்பிடி இழுத்துவிடும். விரல் நீளத்துக்கு ஒரு கோடு. முகம் தொங்கிப்போகும். எல்லாம் போச்சு என்று துணியைச் சுற்றி மூலையில் சாத்துகிறவர்கள் உண்டு. அரை மணி நேர வேலைக்குக் கடையில் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிறவர்களும் உண்டு.

என்ன போச்சு, சொல் பார்ப்போம்? குண்டு ஓடுவது குழலுக்குள்ளே. அதைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்கள் இருப்பதும் உள்ளே. வெளித்தோலில் கிடக்கும் கோடு குண்டுக்குத் தெரியவே தெரியாது. நேற்று நூறு கெஜத்தில் எங்கே அடித்ததோ, இன்றும் அங்கேதான் அடிக்கும். துப்பாக்கி குறி தப்பவில்லை, நீதான் தப்பிவிட்டாய்!

எவர்சில்வர் என்ற இந்த எஃகின் கதை தெரிந்தால் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டாய். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1871இல், எஃகு உருக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஹாரி ப்ரியர்லி. 12 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். எஃகு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவும் பையனாகச் சேர்ந்து, கழுவிக்கொண்டே வேதியியல் கற்று, பின்னாளில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கே தலைவரானார். 1912இல் துப்பாக்கி செய்பவர்கள் அவரிடம் ஒரு தலைவலியோடு வந்தார்கள். சுடச்சுட, வெப்பமும் வாயுவும் குழலின் உட்புறத்தை அரித்துத் தின்கின்றன, இதற்கு ஒரு வழி வேண்டும் என்றார்கள். குரோமியத்தைக் கூட்டிக் கூட்டி வார்த்துப் பார்த்தார் ப்ரியர்லி. 1913 ஆகஸ்ட் 13 அன்று வார்த்த எஃகில் குரோமியம் 12.8 சதவீதம். நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு முன் மாதிரித் துண்டை அமிலத்தில் அரிக்கவிடுவது வழக்கம். இந்தத் துண்டோ அரிபட மறுத்தது! வினிகரை ஊற்றினார், எலுமிச்சைச் சாற்றை ஊற்றினார். அது அசைந்து கொடுக்கவில்லை.

உடனே மாலை விழுந்திருக்கும் என்றா நினைக்கிறாய்? முதலாளிகள் அக்கறை காட்டவில்லை. கத்தி செய்கிறவர்கள், இதை அடித்து வளைக்க முடியவில்லை என்று கைவிரித்தார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரே கேலி பேசியது. எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில் மேலாளர்தான் தானே சோதித்துப் பார்த்து நம்பினார். உரிமை யாருக்கு என்ற தகராறில் 1915இல் ப்ரியர்லி அந்த வேலையையே உதறினார். 1920இல் எஃகுத் துறையின் பெரிய கௌரவமான பெஸ்ஸமர் தங்கப் பதக்கம் அவர் கைக்கு வந்தது. (அதே ஆண்டுகளில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வேறு சிலரும் இதே எஃகை எட்டிப் பிடித்திருந்தார்கள். யார் முதல் என்ற வழக்கு நமக்கு வேண்டாம்.)

பாட்டில் கழுவிய கை வார்த்த எஃகு இது. அதன்மேல் ஒரு கோடு விழுந்ததற்கா உன் கை நடுங்குகிறது?

இன்னொன்றும் கேள். இந்த எஃகு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். அதிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாக மேலே படர்ந்திருக்கிறது. தலைமுடியின் தடிமனைப் பல்லாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் கனம். கீறலைப் போக்க நீ தேய்க்கும்போது அது கிழியும். கிழிந்த இடத்தில் காற்று பட்டதுமே புதுப் படலம் கிளம்பிவிடும். தேய்த்தால் துருப்பிடித்துவிடுமோ என்ற பயத்தைத் தூக்கிப் போடு!

சரி, வேலைக்கு வா. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார். பார்த்துவிட்டாயா? இன்னொரு முறை பார். விரலை விட்டுத் தடவியும் பார். இதில் அவசரப்படுகிறவன் துப்பாக்கியைத் தொடவே கூடாது. பிறகு போல்ட்டைக் கழற்று, தொலைநோக்கியைக் கழற்று, மரக்கட்டையிலிருந்து குழலைப் பிரித்தெடு. குழலின் இரு வாயையும் அடைத்துவிடு. தேய்ப்புத் தூள் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. பெயரும் எண்ணும் பொறித்த இடங்களில் டேப்பை ஒட்டு. வரிசை எண்ணை அழிப்பது அமெரிக்காவில் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அழகு பார்க்கப் போய் கம்பி எண்ணாதே!

இப்போது குழலை விளக்கின் கீழே சாய்த்துப் பிடி. மங்கலான எவர்சில்வர் குழலில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள் ஓடும். ஆலையில் மெருகு போட்டபோது விழுந்தவை அவை. சிலவற்றில் நீளவாக்கில் ஓடும், சிலவற்றில் வளையம் வளையமாகச் சுற்றி ஓடும். அந்த ஓட்டம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீறல் உன் கண்ணை உறுத்துவது அது ஆழமாக இருப்பதால்கூட இல்லை. ஆயிரம் கோடுகள் ஒரு திசையில் போகும்போது அது மட்டும் குறுக்கே போகிறது. நகத்தால் கீறலின் குறுக்கே இழுத்துப் பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் வெறும் மேல்கீறல், இன்றைக்கே போய்விடும். நகம் தட்டி நின்றால் கொஞ்சம் பாடுபட வேண்டும்.

சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் துண்டு ஒன்றை எடு. அரக்கு நிறத்தில் வருவது அதைவிட முரடு, அது அப்புறம். முதலில் கட்டைக்குள் மறைந்து கிடக்கும் பகுதியில் சோதித்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம், அங்கே கெட்டாலும் யாருக்கும் தெரியாது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கோடுகள் ஓடும் திசையிலேயே இழு. நீளவாக்குக் கோடா, முனையிலிருந்து முனைவரை ஒரே வீச்சு. வளையக் கோடா, துண்டைக் குழலைச் சுற்றிப் போட்டு, ஷூவுக்குப் பாலீஷ் போடுகிறவர் துணியை இழுப்பதுபோல் இரு கையாலும் இழு. எண்ணெய் கருத்து, சாம்பல் சேறாக விரலில் ஒட்டும். துடை, பார், மறுபடி இழு. கீறல் இருக்கிற இடத்தை மட்டும் விரலால் குத்திக் குத்தித் தேய்க்கிற ஆத்திரம் வரும். அடக்கு! அப்படித் தேய்த்தால் உருண்டையான குழலில் ஒரு தட்டை விழும். கீறலையாவது மறைக்கலாம், அந்தத் தட்டையை மறைக்கவே முடியாது. சாம்பல் துண்டு போதவில்லையா, அரக்குக்குப் போ. அதற்கும் மசியாத ஆழமா, 400 எண் உப்புத்தாளில் பதமாகத் தொடங்கி, திரும்ப அரக்கு, திரும்பச் சாம்பல் என்று இறங்கி வா. குழல் முனையின் வாய் விளிம்பைத் தொடாதே. குண்டு கடைசியாக விடைபெறும் இடம் அது. அங்கே கோணினால் குறி கோணும்.

சமையலறைக் கம்பி நாரைக் கொண்டு வந்துவிடாதே! இரும்புத் துணுக்குகள் எஃகில் பதிந்துகொண்டு, சில நாளில் புள்ளி புள்ளியாகத் துருவாகக் கிளம்பும். குளோரின் கலந்த ப்ளீச்சும் வேண்டாம், அந்தக் காவல் படலத்தையே குடைந்து குழி பறிக்கும்.

வீரம் பேசுகிறவன் எல்லை தெரிந்தும் பேச வேண்டும். உன் குழல் மணித்துகள் பீய்ச்சி மங்கலாக்கியதாக இருந்தால், அதில் கோடே இருக்காது. எந்தத் திசையில் தேய்த்தாலும் தேய்த்த இடம் பளிச்சென்று பல்லிளிக்கும். அதற்கு மறுபடியும் துகள் பீய்ச்சுவதுதான் மருந்து, அந்தக் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டு போ. எவர்சில்வர் மாதிரித் தெரிந்து மேலே செராகோட் போன்ற பூச்சு இருக்கிற குழல்களும் உண்டு. அவற்றையும் தேய்க்காதே, பூச்சு உரிந்துவிடும். விவரம் தெரிந்து பட்டறைக்குப் போகிறவன் வேறு, பயந்துபோய் ஓடுகிறவன் வேறு. போகிறபோதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போ!

முடிந்ததா? பிசுக்கும் தூளும் போகத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடு. நல்ல ரகப் பாத்திரத்து எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். இன்றைய குழல்களில் பலவும் 416ஆர் என்ற வகை. அதில் குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டித்தான். அலட்சியமாக ஈரத்தோடு விட்டால் அதுவும் துருப்பிடிக்கும். அடைத்ததை எடுத்துவிட்டு, சுத்தம் செய்யும் கோலைத் துணியோடு உள்ளே ஓட்டி, குழல் வழியாக வெளிச்சம் தடையில்லாமல் தெரிகிறதா என்று பார். கட்டையில் பொருத்தும்போது திருகுகளை நிறுவனம் சொல்லியிருக்கிற அளவுக்கே முறுக்கு. கழற்றி மாட்டிய துப்பாக்கியின் குறி சற்று விலகியிருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே காட்டுக்குப் போகும் முன் சுடுதளத்துக்குப் போய், நூறு கெஜத்தில் காகிதத்தில் மூன்று நான்கு தோட்டா சுட்டுப் பார்த்துத் தொலைநோக்கியைச் சரிசெய்துகொள்.